விலை கூடிய பாக்கெட்டே நல்ல நாய்த்தீனியா?

பாக் நீரிணைக் கரையிலுள்ள தொண்டி, நம்புதாளை, சோளியக்குடிப் பக்கம் நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேர்விட்டுவிட்டது. நாய்க்கு நல்ல சாப்பாடு என்றால் கடையில் விற்கும் உலர்தீனிதான். அதிலும் விலை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தரம். வீட்டில் ஆக்கும் சோறும் மீனும் நாயின் முடியைக் கொட்டவைக்கும், ஆயுளைக் குறைக்கும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர் இதைச் சொல்கிறார். இராமநாதபுரத்திலும் காரைக்குடியிலும் கடை வைத்திருப்பவர் சொல்கிறார். லாப்ரடார் குட்டியை விற்கிறவர், "சோத்தைக் காட்டிறாதீங்கண்ணே, அப்புறம் பாக்கெட்டைத் தொடாது" என்று எச்சரித்தே கையில் கொடுக்கிறார்.

இந்த நம்பிக்கை தவறு. வாரத்தில் சில நாளே கடலுக்குப் போக முடிகிற ஒரு குடும்பம், நாயை ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் மாதச் செலவில் பெரும்பங்கை ஒரு பளபளப்பான பைக்குக் கொடுக்கிறது. அந்தப் பை அதற்கு ஈடாக எதைத் தருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை முழுதாகச் சொல்லிவிடுவது நியாயம். அதில் வலு உண்டு. நாய்க்குப் புரதம் மட்டும் போதாது. கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின்கள் என்று முப்பதுக்கு மேற்பட்ட சத்துகள் குறிப்பிட்ட அளவில் வேண்டும். நல்ல உலர்தீனியில் அவை கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டுச் சமையலில் அந்தக் கணக்கு கிடையாது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதாவது ஒரு இன்றியமையாத சத்தாவது குறைவாக இருந்தது. நம் ஊரில் நடப்பது அதைவிட மோசம். பாலும் சோறும் மட்டுமே தின்று முன்னங்கால் வளைந்துபோன குட்டிகளை எந்தக் கால்நடை மருந்தகத்திலும் பார்க்கலாம். மிஞ்சிய மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கிறார்கள். அதிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உப்பும் மிளகாயும் சேர்ந்து வயிற்றைக் கெடுக்கும். இவை அத்தனையும் உண்மை. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து "ஆகவே விலை கூடிய பாக்கெட்டே நல்லது" என்ற முடிவு எப்படி வரும்? மோசமான வீட்டுச் சாப்பாடு மோசமானது என்பது மட்டுமே இதனால் நிரூபணமாகிறது.

1. தரத்துக்குச் சான்று கொடுத்தது யார்?

பாக்கெட்டில் அச்சிட்டு, சீல் வைத்து விற்பதால் யாரோ ஓர் அரசு அதிகாரி சோதித்துத்தான் சந்தைக்கு விட்டிருப்பார் என்று நினைக்கிறோம். பிஸ்கட்டுக்கும் பால்மாவுக்கும் அந்த எதிர்பார்ப்பில் ஓரளவு நியாயம் உண்டு. நாய்த்தீனிக்கு இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், உணவு என்றால் மனிதர் உண்பதற்கானது என்றே வரையறுக்கிறது. கால்நடைத் தீவனத்தை வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாய், பூனைத் தீனிக்கு ஐ.எஸ். 11968 என்றொரு தரநிலையை வகுத்திருக்கிறது. அதைப் பின்பற்றுவது உற்பத்தியாளரின் விருப்பம்.

வெளிநாட்டுப் பை என்றால் நிலைமை வேறு என்பார்கள். அமெரிக்கப் பைகளில் 'ஆஃப்கோ' என்ற பெயர் வரும். அது அங்குள்ள தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம். அந்தச் சங்கம் எந்தத் தீனியையும் சோதிப்பதில்லை, எதற்கும் ஒப்புதல் கொடுப்பதில்லை. சத்துகளின் கீழ்வரம்பை வகுத்துத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. வளர்ந்த நாய்க்கான தீனியில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், புரதம் 18 விழுக்காடும் கொழுப்பு 5.5 விழுக்காடும் குறைந்தபட்சம் வேண்டும். குட்டிக்கு அவை 22.5, 8.5. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாலே ஒரு நிறுவனம் "முழுமையானது, சமச்சீரானது" என்று அச்சிட்டுக்கொள்ளலாம். உயிருள்ள நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டுமானால், வளர்ந்த நாய்க்கான சோதனைக்குத் தேவைப்படுவது 8 நாய்கள், 26 வாரங்கள். அவற்றில் 6 நாய்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தால் போதும். இதை வீண் என்று சொல்ல மாட்டேன், ஒன்றுமில்லாததைவிட மேல். ஆனால் இந்த வரம்பைக் கிலோ இருநூறு ரூபாய்த் தீனியும் எட்டலாம், எண்ணூறு ரூபாய்த் தீனியும் எட்டலாம். விலையில் அந்தச் செய்தி இல்லை.

2. முன்பக்கப் படத்தை நம்பி எதை வாங்குகிறீர்கள்?

"முதல் மூலப்பொருள் கோழி இறைச்சி" என்ற வரியைக் காட்டித்தான் விலையை நியாயப்படுத்துகிறார்கள். மூலப்பொருள்களை எடை வரிசையில் எழுத வேண்டும். அந்த எடை, சமைப்பதற்கு முந்திய எடை. பச்சைக் கோழியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். தீனி வெந்து உலர்ந்து வெளியே வரும்போது அந்தத் தண்ணீர் போய்விடும். முதலிடத்தில் நின்ற கோழி நாலாவது இடத்துக்கு இறங்கினாலும் வியப்பில்லை. மக்காச்சோளத்தை மக்காச்சோள மாவு, மக்காச்சோளப் புரதம், தவிடு என்று பிரித்துப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே தள்ளப்பட்டு இறைச்சி தானாக மேலே ஏறும்.

"உறுப்புக் கழிவுகள் இல்லை" என்று இன்னொரு பெருமை. ஈரலையும் சுவரொட்டியையும் காசு கொடுத்துக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நாம். செம்பும் இரும்பும் வைட்டமின் ஏவும் அவற்றில்தான் செறிந்திருக்கின்றன. நாய்க்கு மட்டும் அது எப்படி இழிவான உணவாகும்?

புரத விழுக்காட்டையாவது நம்பலாமா என்றால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தீனியிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நடந்த பெருங்கேடு இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் வந்த மாவில் மெலமின் கலந்திருந்தது. கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் ஆறு கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. நம் விவாதத்துக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது: அந்த ஒரே நிறுவனத்தின் ஆலைகளில்தான் மலிவான கடைப்பெயர்களும் விலை கூடிய பெயர்களும் சேர்ந்து உற்பத்தியாகிக்கொண்டிருந்தன. அதிக விலை கொடுத்தவரின் நாயை அந்த விலை காப்பாற்றவில்லை.

3. தானியம் நாய்க்கு நஞ்சா?

"நாய் ஓநாயின் வாரிசு, அதற்குச் சோறு செரிக்காது" என்று சொல்லித் தானியமில்லாத் தீனியை இரட்டை விலைக்கு விற்கிறார்கள். 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வு ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு, ஓநாயிடம் இரண்டே படிகளாக இருக்க, நாயிடம் பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டது. மனிதனின் வாசலில் கிடைத்த தானியத்தைத் தின்று வாழ நாயின் உடல் பழகிக்கொண்டது. இராமநாதபுரம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய மண்டை நாயும், மேற்கே சிப்பிப்பாறையும், ராஜபாளையமும் கம்பங்கூழும் கேழ்வரகும் குடித்து வளர்ந்த இனங்கள்.

மறுபக்கம், 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பட்டாணியும் பருப்பும் நிறைந்த தானியமில்லாத் தீனிகளுக்கும் நாய்களின் இதயத்தசை விரிவு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று விசாரணையை அறிவித்தது. காரணம் இதுவரை உறுதிப்படவில்லை. ஆகவே அதை நஞ்சு என்று நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் இல்லாத ஒரு குறைக்கு மருந்தாகச் சொல்லி விற்கப்படும் பொருளுக்கு, இருக்கக்கூடிய ஒரு ஆபத்தையும் சேர்த்து ஏன் இரட்டை விலை கொடுக்க வேண்டும்?

4. கடற்காற்றை யார் கணக்கில் எடுத்தார்கள்?

எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். ஆனால் தீனி பற்றிய பேச்சில் இது வருவதே இல்லை. ஆலையிலிருந்து வெளியே வரும்போது உலர்தீனியில் பத்து விழுக்காடு அளவுக்கே ஈரம் இருக்கும். அந்த வறட்சிதான் அதன் பாதுகாப்பு. பாக் நீரிணைக் கரையில் அந்த வறட்சி எத்தனை நாள் நிற்கும்? உப்பு டப்பா கசிந்து கட்டிதட்டும் ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும். இந்த ஊரில்தான் 20 கிலோ மூட்டையின் வாயை அறுத்துவைத்து, கிலோ கிலோவாக அள்ளி பாலித்தீன் பையில் கட்டித் தருகிறார்கள். உற்பத்தித் தேதி மூட்டையோடு கடையில் நின்றுவிடுகிறது. வாங்குபவர் கைக்கு வருவது தேதியில்லாத, பெயரில்லாத, என்று திறந்தது என்றே தெரியாத உருண்டைகள்.

திறந்த தீனியில் இரண்டு கேடுகள் நடக்கின்றன. மேலே பூசிய கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கிறது. அதோடு வைட்டமின் இ அழிகிறது. அடுத்தது பூஞ்சணம். மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அதை நாய்க்கு மோந்து பார்த்துத் தவிர்க்கத் தெரியாது. சமையல் சூட்டிலும் அது முழுதாக அழியாது. நேரே ஈரலைத் தாக்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் 'ஸ்போர்ட்மிக்ஸ்' என்ற உலர்தீனியில் இந்த நஞ்சு வரம்பு மீறிக் காணப்பட்டது. அடுத்த மாதத்துக்குள் நூறு நாய்களுக்கு மேல் செத்ததாக அந்நாட்டு நிர்வாகம் பதிவுசெய்தது. அங்கே நஞ்சு ஆலையிலேயே சேர்ந்தது. இங்கே ஆலையில் சுத்தமாக இருந்ததுகூடக் கடையிலும் வீட்டிலும் கெட முடியும்.

கணக்கைப் பாருங்கள். 15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த ஒரு நாய்க்கு நாளைக்குச் சுமார் 850 கிலோகலோரி வேண்டும். உலர்தீனியில் கிலோவுக்கு 3,500 கிலோகலோரி என்று வைத்தால் 240 கிராம் வருகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 20 கிலோ மூட்டை வாங்கினால் அது 83 நாள் திறந்து கிடக்கும். அதில் மழைக்காலமும் சேர்ந்தால், கிலோ எண்ணூறு ரூபாய்த் தீனி கடைசி மாதத்தில் என்ன நிலையில் இருக்கும்? புதிதாக உடைத்த 3 கிலோ நடுத்தர விலைப் பை, தேதி தெரிந்து வாங்கி, அந்தப் பையோடு எவர்சில்வர் டப்பாவுக்குள் இறுக மூடி வைத்தால், அதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. தரத்தைத் தீர்மானிப்பதில் பெயருக்கு உள்ள பங்கைவிடத் தேதிக்கும் மூடிக்கும் இந்தக் கரையில் பங்கு அதிகம்.

5. மீனும் சோறும் எந்த வகையில் மட்டம்?

சூடையும் காரலும் நெத்திலியும் குவியும் துறையில் நின்றுகொண்டு, நாய்க்குப் புரதம் பையில்தான் இருக்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விசைப்படகு மடியில் வரும் சங்காயம் எனும் கழிவுமீன் காய்ந்து மீன்தூளாகித் தீவன ஆலைகளுக்குப் போவது இந்தக் கரையில் எல்லாரும் அறிந்தது. பல நாய்த்தீனிப் பைகளின் பின்பக்கத்திலும் மீன்தூள் என்ற பெயர் இருக்கிறது. எந்தக் கடலின் மீன், எத்தனை நாள் கிடந்த மீன் என்று பை சொல்வதில்லை. கரையில் காலையில் வாங்கிய மீனைப் பற்றி அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அதே 15 கிலோ நாய்க்கு வெந்த சோறு 400 கிராம், மீன் 200 கிராம், இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்று வைத்துப் பார்ப்போம். சோற்றில் சுமார் 520 கிலோகலோரி, மீனில் 240, எண்ணெயில் 90. மொத்தம் 850. புரதம் மீனிலிருந்து 38 கிராமும் சோற்றிலிருந்து 10 கிராமும் சேர்ந்து 48 கிராம். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ சொல்லும் கீழ்வரம்பு 1,000 கிலோகலோரிக்கு 45 கிராம்; 850க்கு 38 கிராம். தேவைக்கு மேலேயே இருக்கிறது.

இதோடு நிறுத்தினால் நானும் அரைக்கணக்குக் காட்டியவன் ஆவேன். சதையை மட்டும் உதிர்த்துப் போட்டால் கால்சியம் வராது. நெத்திலி போன்ற சின்ன மீனைக் குக்கரில் முள்ளோடு குழைய வேகவைத்தால் அதில் நல்ல பங்கு கிடைக்கும். பெரிய மீனின் முள்ளைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். துத்தநாகமும் வைட்டமின் இயும் இந்தத் தட்டில் குறைவு. வாரத்தில் ஓரிரு முறை கொஞ்சம் ஈரல், முட்டை, கால்நடை மருத்துவர் சொல்லும் தாதுக் கலவை ஆகியவை சேர வேண்டும். மீனைப் பச்சையாகப் போடக் கூடாது. சில மீன்களின் பச்சைச் சதையில் தயமின் என்ற வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு. நாய்க்கான பங்கை உப்பும் வெங்காயமும் சேரும் முன்பே தனியாக எடுத்துவிட வேண்டும். இவ்வளவு கவனம் செலுத்த முடியாதவர் பாக்கெட் வாங்கட்டும், அதில் குற்றமில்லை. முடிகிறவரிடம் போய் "நாயைக் கொல்கிறாய்" என்று சொல்லாதீர்கள்.

குட்டிகள் விஷயத்தில் எதிர்த்தரப்பே சரி. வளரும் எலும்புக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் வேண்டும், வீட்டில் அதைத் துல்லியமாக அளப்பது கடினம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு, குட்டிக்கானது என்று தெளிவாக எழுதிய உலர்தீனியே பாதுகாப்பு. ஆனால் இங்கும் ஒரு பழக்கம் கெடுக்கிறது. குட்டித்தீனியையும் கொடுத்து, அதன்மேல் கால்சியம் டானிக்கையும் தினமும் ஊற்றுகிறார்கள். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும். குறைவைப் போலவே மிகையும் நோய். சரியான தீனி வாங்கியவருக்கு அந்த டானிக் செலவு தேவையே இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தைக் காட்டி ஒரு கேள்வி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, அப்போது மீனுக்கு எங்கே போவது? முட்டை இருக்கிறது, கோழி ஈரல் இருக்கிறது, நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும். அந்த இரண்டு மாதம் நடுத்தர விலை உலர்தீனிக்கு மாறினாலும் நாய்க்கு ஒன்றும் ஆகாது. பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றினால் வயிறு கலங்காது.

6. எவ்வளவு போடுகிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

எந்தப் பெயர், என்ன விலை என்பதையே பேசுகிறோம். 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து இறப்புவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. ஒரே தீனி, பாதி நாய்களுக்கு மற்ற பாதியைவிட 25 விழுக்காடு குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அந்த ஆய்வை நடத்தியது ஒரு தீனி நிறுவனமே. இரண்டு கூட்டத்துக்கும் போட்டது ஒரே பைத்தீனி. ஆயுளை மாற்றியது அளவு.

நம் ஊரில் அன்பு என்றால் கிண்ணம் நிறையப் போடுவது. காலையில் பாக்கெட், மத்தியானம் சோறு, இடையில் பிஸ்கட். நாய் உருண்டு திரண்டு மூச்சு வாங்கும்போது "தீனி சரியில்லை" என்று அதைவிட விலை கூடிய பைக்கு மாறுகிறார்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். இதைப் பார்க்கக் காசு வேண்டாம்.

அப்படியானால் பாக்கெட் வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? பின்பக்கத்தை. குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்ற வரி. முழு உணவா, இடைத்தீனியா என்ற வரி. புரதம், கொழுப்பு, கால்சியம் அளவுகள். கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி. தயாரித்தவர் முகவரி, தேதி. இதைச் சொல்லும்போதே, இந்த ஊரின் பெரும்பாலான வீடுகளில் இது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். காரணம் சோம்பல் அல்ல. பொட்டலப் பொருள் விதிகளின்படி விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும். வேறு மொழியைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். வலைக்குப் போகிறவரும் கருவாடு காயவைக்கிறவரும் அந்தப் பொடி எழுத்து ஆங்கிலத்தைப் படித்து எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? அவர்களுக்குப் புரியும்படி பையில் இருப்பது நாயின் படமும் விலையும் மட்டுமே. விலைதான் தரம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது.

தமிழ்நாட்டில் நாய்த்தீனி விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அந்த ஐந்தாறு விவரங்களைத் தமிழில் அச்சிட வேண்டும். கடைக்காரர்கள் மூட்டையை அறுத்து உதிரியாக விற்பதை நிறுத்த வேண்டும். முடியாதென்றால், திறந்த தேதியையும் தயாரித்த தேதியையும் எழுதி மூட்டையின் முகப்பில் ஒட்ட வேண்டும். வாங்குகிறவர்கள் அடுத்த முறை கடைக்குப் போகும்போது "எது நல்லது?" என்று கேட்க வேண்டாம். "எப்போது தயாரித்தது, எப்போது திறந்தது, குட்டிக்கா பெரியதுக்கா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கடையில், என்ன விலையானாலும், வாங்காதீர்கள்.